சாக்குக்கு இரண்டு கிலோ

பிள்ளைகளே, நீங்கள் இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரிக்கும் போதெல்லாம் நான் முறைத்திருக்கிறேன். இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் முறைக்க எனக்கு வழியில்லை. பெரியவளே, இதில் பாதி உனக்குத் தெரியும். சின்னவளே, நீ பாயில் உட்கார்ந்து சிரித்தது மட்டும்தான் உனக்கு ஞாபகம் இருக்கும். மிச்சத்தையும் நானே எழுதி வைத்துவிட்டால், நாளைக்கு நீங்கள் கூட்டியும் குறைத்தும் சொல்ல முடியாது. கூட்டிக் குறைப்பதில் இந்த வீட்டில் யார் கெட்டிக்காரர் என்பதுதான் இங்கே பேச்சே.

முதலில் என் படிப்பைச் சொல்லிவிடுகிறேன். சாதாரண தரப் பரீட்சை இரண்டு தடவை எழுதினேன். இரண்டு தடவையும் கணிதத்தில் விழுந்தேன். முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் உள்ள விகிதம் ஒன்றுக்கு ஒன்று. எனக்குப் பிழையில்லாமல் தெரிந்த ஒரே விகிதம் அதுதான்.

எண்கள் எண்களாக இருந்தவரைக்கும் நான் ஓரளவுக்குத் தாக்குப்பிடித்தேன். அட்சரகணிதம் என்று சொல்லி எழுத்தைக் கொண்டுவந்து எண்ணுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்களே, அங்கேதான் போனது. ஒன்றின் அளவு தெரியாது என்றால் தெரியும்வரை பேசாமல் இருக்க வேண்டியதுதானே, தெரியாததற்கு x என்று பெயர் வைத்துக் கரும்பலகையில் எழுதுவானேன் என்பது அப்போது என் கட்சி. தெரியாததைப் பெருக்குவார்கள், தெரியாததை வகுப்பார்கள், கடைசியில் தெரிந்துவிட்டது என்பார்கள். பின்பெஞ்சில் இருந்து பார்த்தால் மந்திரவாதி முட்டை எடுப்பது போல இருக்கும்.

அப்படிப்பட்ட நான்தான் தராசு வேலைக்குப் போனேன். கொழுந்து மடுவம் உங்களுக்குத் தெரியும். வேறு யாராவது இதை வாசித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன்: மலையில் பறித்த தேயிலைக் கொழுந்தைப் பெண்கள் சாக்கில் கட்டி இறக்கி நிறுக்கும் தகரக் கொட்டகை. தராசுக் கொக்கியில் சாக்கை மாட்டி, நிறையைச் சத்தமாகச் சொல்வது என் வேலை. பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் ஐயா அதை எழுதுவார்.

ஆனால் தராசு காட்டுவதை நான் சொல்வதில்லை. சாக்குக்கும் கொழுந்தில் நிற்கும் தண்ணீருக்கும் சேர்த்து ஒவ்வொரு நிறுவையிலும் இரண்டு கிலோ கழிக்க வேண்டும். தராசு இருபது காட்டினால் என் வாய் பதினெட்டு என்று கூவும். பதினைந்து வருடமாகக் கூவி, கழித்தல் என் வாயிலேயே ஊறிவிட்டது. சின்னவளே, நீ பிறந்த அன்றைக்கு நர்ஸ் வெளியே வந்து, "மூணு கிலோ" என்றார். என் மனம் ஒரு நொடி, "அப்ப ஒண்ணு" என்றது. துணியோடு நிறுத்திருப்பார்களே!

வெயில் காலத்தில் தராசடியில் சண்டை வரும்.

"அண்ணே, மூணு நாளா மழையே இல்ல. இதுல தண்ணி எங்கண்ணே இருக்கு? எங்க வேர்வையவா கழிக்கிறீங்க?"

"எல்லாருக்கும் ஒண்ணுதானே அக்கா? ஒங்களுக்கு மட்டுமா கழிக்கிறேன்?"

இது என் நிரந்தரப் பதில். யாரும் மறுபேச்சுப் பேச முடியாது. உங்கள் அம்மாவின் சாக்குக்கும் அதே இரண்டுதான். கட்டின பெண்சாதிக்கே கழிக்கிறான், நியாயஸ்தன் என்று ஊரே சொல்லுமென்று எனக்கு ஒரு நினைப்பு. ஊர் அப்படிச் சொன்னதாக இதுவரை காதில் விழவில்லை.

பெரியவளே, உன் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் மாற்றலாகிப் போய் ஒரு வருடம் ஆகியும் அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. அப்போதுதான் பலாங்கொடையில், கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சின்ன மண்டபத்தில், சனிக்கிழமைகளில் ஒரு சார் இலவசமாகக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டோம். யாழ்ப்பாணத்துக்காரர், வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். போய்ப் பார்த்தால் பன்னிரண்டு இடத்துக்கு முப்பது பிள்ளைகளுக்கு மேல் நின்றார்கள். சார் எல்லோருக்கும் ஐந்து கணக்குகள் உள்ள தாள் கொடுத்தார். அடுத்த சனிக்கிழமை செய்துகொண்டு வர வேண்டும். செய்த விதத்தைப் பார்த்து இடம் தருவார்.

"ஒண்டு சொல்லுறன், வடிவாக் கேளுங்கோ," என்று எங்களைப் போன்ற தாய் தகப்பன்மார் பக்கம் திரும்பினார். "வீட்டிலை ஆரும் கை வைக்கக் கூடாது. பிழையெண்டாலும் அது பிள்ளையின்ரை பிழையா இருக்கோணும். வேறை ஆற்றையும் எழுத்தைக் கண்டனெண்டா இடமில்லை."

அங்கே நின்றவர்களிலேயே பலமாகத் தலையாட்டியவன் நான்தான்.

திரும்பி வரும் பஸ்ஸில் நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "இது கெடைக்கலன்னா கணக்குல விழுந்துருவேன்ப்பா. விழுந்தா அப்புறம் நானும் அம்மா மாதிரி கூடையத்தான் மாட்டணும்." பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை, மழை வரும் போல இருக்கிறது என்பது மாதிரித்தான் சொன்னாய். எப்படியாவது இந்தப் பிள்ளைக்கு உதவ வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன். அந்த முடிவுதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

புதன்கிழமை பின்னேரம். நான் மடுவத்தில் இருந்து வந்து கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தேன். அம்மா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். சின்னவள் பாயில். நீ ஐந்து கணக்கும் பென்சிலில் செய்து முடித்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தாய். உன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தவனுக்கு ஐந்தாவது கணக்கில் கொழுந்து என்ற வார்த்தை கண்ணில் பட்டது.

கணக்கு இதுதான்: இரண்டு தொழிலாளர்கள் பறித்த கொழுந்தின் நிறைகள் 3:4 என்ற விகிதத்தில் உள்ளன. இரண்டாமவர் முதலாமவரை விட 6 கிலோ கூடுதலாகப் பறித்தார். ஒவ்வொருவரும் பறித்தது எவ்வளவு?

வாழ்நாளில் முதல்முறையாக ஒரு கணக்கு என் வேலையிடத்துக்கே வந்திருக்கிறது. விடுவேனா?

"எங்க, குடு பாப்பா பாப்போம்."

"முடிஞ்சிருச்சுப்பா. சும்மா பாத்துக்கிட்டு இருக்கேன்."

"பதினெட்டு, இருவத்திநாலா? சாக்கோடயா?"

"சாக்கா?"

"சாக்கு, தண்ணி, ரெண்டு கிலோ. கழிக்காம எவன் எழுதுவான்?"

"கணக்குல சாக்கே இல்லப்பா."

"சாக்கு இல்லாம கையிலயா அள்ளிக்கிட்டு வந்தாங்க?"

"மடியில கட்டிக்கிட்டு வந்திருப்பாங்க!" என்று பாயில் இருந்து சின்னவள்.

அடுப்படியில் இருந்து அம்மா: "மடுவத்துல கழிக்கிறது பத்தாம இப்ப ஊட்டுலயும் ஆரம்பிச்சாச்சா? பாப்பா, ஒங்க அப்பாவுக்கு நாலு ரொட்டி வையி. ரெண்டுன்னு சொல்லித் தின்னுட்டு இன்னும் ரெண்டு கேப்பாரு."

மூன்று பேரும் சிரித்தீர்கள். அங்கேயே நானும் சிரித்திருந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் தராசு பிடிப்பவனுக்கு ஒரு கெட்ட பழக்கம், மற்றவர்கள் சிரித்தால் குரலை உயர்த்துவான்.

"பதினஞ்சு வருசமா நிறுக்கிறேன், எனக்குத் தெரியாதா? இங்க பாரு. பதினெட்டுல ரெண்டு போனா பதினாறு. இருவத்திநாலுல ரெண்டு போனா இருவத்திரெண்டு. இருவத்திரெண்டுக்கும் பதினாறுக்கும் எவ்வளவு வித்தியாசம்?"

"ஆறு."

"கணக்குல எவ்வளவு கேட்டிருக்கு?"

"ஆறுதான். ஆனா விகிதம்..."

"ஆறு வருதா இல்லையா?"

"வருதுப்பா."

"அப்புறம் என்ன? அந்த எக்ஸு கிக்ஸெல்லாம் அழி."

நீ என்னை ஒரு தடவை பார்த்தாய். பிறகு அழிரப்பரை எடுத்து, நாலு வரியையும் மெதுவாக அழித்தாய். நான் காதிடுக்கில் இருந்த நீலப் பேனாவை எடுத்து, அழித்த இடத்துக்குக் கீழே, மடுவத்தில் ஐயா எழுதுவது போலவே பெரிதாக 18 − 2 = 16, 24 − 2 = 22 என்று எழுதி, இரண்டு கோடும் இழுத்தேன். 'வேறை ஆற்றையும் எழுத்தைக் கண்டனெண்டா' என்று சார் சொன்னது எனக்கு மறந்தே போய்விட்டது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அன்றைக்கு ரொட்டி தின்னும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. கணக்கில் தோற்றவன், கணக்கைப் பார்த்துப் பிழை சொல்லிவிட்டேனே!

சனிக்கிழமை. தாய் தகப்பன்மார் எல்லோரும் பின்னால் பெஞ்சில். சார் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் தாளைப் பார்த்து, வலப்பக்கம் ஒரு அடுக்கும் இடப்பக்கம் ஒரு அடுக்குமாக வைத்தார். வலப்பக்கம் போனால் இடம் உண்டு, இடப்பக்கம் போனால் வீட்டுக்கு. உன் தாளை எடுத்தவர் நாலு கணக்குக்கும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். ஐந்தாவதில் தலை நின்றது.

"பிள்ளை, இந்த நீலப் பேனை ஆற்றை?"

"என்னோடது சார்."

"நாலு கணக்கும் பென்சில். அஞ்சாவது மட்டும் பேனையோ? எழுத்தும் வேறை மாதிரிக் கிடக்கு."

"அவசரத்துல எழுதுனேன் சார்."

"ரெண்டு கிலோ எங்கை இருந்து வந்தது? கேள்வியிலை இல்லையே."



இப்போது உங்கள் அப்பா என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேளுங்கள். மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மின்விசிறிக்கு மூன்று இறக்கை. சந்தேகத்துக்கு இன்னொரு தடவையும் எண்ணினேன். அப்போதும் மூன்று. பொய்யே சொல்லாத என் பிள்ளை எனக்காக இரண்டு பொய் சொல்லி நிற்கிறது, நான் இறக்கை எண்ணிக்கொண்டிருக்கிறேன். சார் தாளை இடப்பக்கத்து அடுக்கில் வைத்தார். நீ அழவில்லை. கீழே கிடந்த பையை எடுத்து, வாரை இரண்டு தடவை கையில் சுற்றினாய். மலைக்குப் போகும்போது அம்மா கூடைக் கயிற்றை அப்படித்தான் சுற்றுவாள்.

நான் எழுந்தேன். எழுந்த வேகத்தில் பெஞ்சின் மறுமுனை தூக்கி, அங்கே இருந்தவர் கீழே போகப் பார்த்தார்.

"சார், அது நாந்தாங்க எழுதுனது."

"நான் சொன்னதைக் கேட்டனீங்கள் தானே?"

"கேட்டேங்க. நல்லாத் தலைகூட ஆட்டுனேங்க."

"பின்னை ஏன் எழுதினனீங்கள்?"

"கொழுந்துக் கணக்குன்னு இருந்திச்சுங்க. எனக்குத் தெரிஞ்சதுன்னு நெனச்சுட்டேங்க."

"என்ன இந்த ரெண்டு கிலோ?"

"சாக்குக்குங்க. தண்ணிக்கும் சேத்துங்க."

பின்னால் இருந்து ஒருவர், "எங்க தோட்டத்துல மூணு கழிக்கிறாங்க சார்!" என்று குரல் கொடுத்தார். மண்டபமே சிரித்தது. சார் சிரிக்கவில்லை.

"பிள்ளை சரியாத்தாங்க போட்டிருந்திச்சு," என்றேன். "நாந்தான் சத்தம் போட்டு அழிக்க வச்சேன். எனக்கு என்ன வேணும்னாலும் சொல்லுங்க. பிள்ளையத் தள்ளிராதீங்க சார்."

சார் தாளை மறுபடி எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். நீ பென்சிலை அழுத்தி எழுதுகிறவள், அது நல்லதாகப் போயிற்று. அழித்த இடத்தில் தடம் இருந்தது.

"இதிலை நாலு வரி கிடந்திருக்கு. என்ன எழுதினீர்? பலகையிலை எழுதும் பாப்பம்."

நீ எழுதினாய். முதல் வரி: 3x, 4x. இரண்டாவது: 4x − 3x = 6. மூன்றாவது: x = 6. நாலாவது: 18, 24. எழுதி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"சரி. இப்ப உம்மடை அப்பாவுக்கும் விளங்கப்படுத்தும்."

அத்தனை பேருக்கு முன்னால் நீ என் பக்கம் திரும்பினாய். "அப்பா, மூணுக்கு நாலுன்னா மூணு கிலோவும் நாலு கிலோவும் இல்லப்பா. ஒருத்தங்ககிட்ட மூணு கூடை, இன்னொருத்தங்ககிட்ட நாலு கூடை. எல்லாக் கூடையும் ஒரே அளவு. ஒரு கூடையில எவ்வளவு கொழுந்துன்னு நமக்குத் தெரியாது. தெரியாத அந்த ஒரு கூடைக்குத்தான் எக்ஸுன்னு பேரு. நாலு கூடையில மூணு போனா மிச்சம் எத்தன?"

"ஒண்ணு," என்றேன். எனக்குத் தெரிந்ததைக் கேட்டதில் சந்தோஷம்.

"அந்த ஒரு கூடைதான் கூட இருக்கிற ஆறு கிலோ. அப்ப ஒரு கூடை ஆறு. மூணு கூடை பதினெட்டு, நாலு கூடை இருவத்திநாலு."

"நான் சொன்னதுலயும் ஆறுதானே வந்திச்சு?" மானம் போன பிறகும் வாய் சும்மா இருக்கவில்லை.

"வந்திச்சு. ஆனா கூடை உடைஞ்சுபோச்சுப்பா. பதினாற மூணு கூடையில போட்டா ஒண்ணுல அஞ்சேகால் கிலோவும் இன்னும் துளியும் வரும். இருவத்திரெண்ட நாலு கூடையில போட்டா அஞ்சரை வரும். கூடையெல்லாம் ஒரே அளவா இல்லையே. அப்ப மூணுக்கு நாலு இல்ல."

பெண்பிள்ளைகளே, முப்பது வருடமாக மந்திரவாதி முட்டை என்று நான் நினைத்தது ஒரு கூடை. நாள்தோறும் என் கண் முன்னால் பெண்கள் முதுகில் தொங்கும் கூடை. எனக்கு x தெரியாமல் இல்லை. பெயர் தெரியாமல் இருந்திருக்கிறது. இதைச் சொல்லி என்னைக் கெட்டிக்காரன் ஆக்கிக்கொள்ள நான் பார்க்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றும். தோன்றட்டும்.

சார் தாளை வலப்பக்கத்து அடுக்கில் வைத்தார். "பிள்ளைக்கு இடமிருக்கு. தகப்பனுக்கு இல்லை," என்றார். அப்போதுதான் அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

பஸ்ஸில் நல்ல நெரிசல். "இஸ்ஸரஹாட்ட யன்ன, இஸ்ஸரஹாட்ட" என்று கண்டக்டர் எங்களை முன்னால் தள்ளிக்கொண்டே இருந்தான். நீ ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னும் அந்தக் கணக்கைத்தான் யோசித்துக்கொண்டு வந்தாய்.

"அப்பா, ரெண்டு பேருக்கும் அதே ரெண்டு கிலோவக் கழிச்சா யாருக்குக் கூடப் போகும்?"

"ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே?" என் நிரந்தரப் பதில் தானாக வந்தது.

"இல்லப்பா. பதினெட்டுல ரெண்டுன்னா ஒம்பதுல ஒரு பங்கு. இருவத்திநாலுல ரெண்டுன்னா பன்னெண்டுல ஒரு பங்கு. கொறச்ச எடுக்குறவங்களுக்குத்தான் கூடப் போகுது."

கணக்கைத்தான் சொன்னாய். வேறு எதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். எங்கள் மலையில் இருபத்துநாலு எடுக்கும் கைகள் இருக்கின்றன. உங்கள் அம்மாவுக்குப் போன வருடம் தோள்பட்டை பிடித்துக்கொண்டதில் இருந்து, சாக்கில் பதினெட்டைத் தாண்டுவதே அபூர்வம். எல்லாருக்கும் ஒண்ணுதானே என்று நான் அவளிடமும் சொல்லியிருக்கிறேன், தராசடியில், ஆள்களுக்கு முன்னால். கண்டக்டர் மறுபடி முன்னால் போகச் சொன்னான். போனேன்.

திங்கட்கிழமை மடுவத்தில் ஒரு அக்கா வழக்கம்போல, "தண்ணி எங்கண்ணே இருக்கு இதுல?" என்று கேட்டார். என் பதில் நாக்கின் நுனி வரைக்கும் வந்து அங்கேயே நின்றது. இரண்டு கிலோ கழிப்பதை நிறுத்தும் அதிகாரம் எனக்கு இல்லை. ஆனால் அதை நியாயம் என்று சொல்லிக்கொடுக்கும் வேலையையும் யாரும் எனக்குத் தரவில்லை. தராசு காட்டிய எண்ணை முதலில் சத்தமாகச் சொன்னேன், பிறகு கழித்த எண்ணைச் சொன்னேன். ஐயா நிமிர்ந்து பார்த்தார். "என்னடா, ரெண்டு ரெண்டாச் சொல்ற?" "சும்மாத்தாங்க ஐயா," என்றேன். வீரம் அவ்வளவுதான். பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

உங்கள் இரண்டு பேருக்கும் தெரியாத மிச்சம் இதுதான். செவ்வாய்க்கிழமை பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். நீங்கள் பள்ளிக்கூடத்தில், அம்மா மலையில். பெரியவளே, சார் திருப்பிக் கொடுத்த தாள் உன் கணக்குக் கொப்பிக்குள் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வாசற்படி வெளிச்சத்தில் உட்கார்ந்தேன். நீலப் பேனாவில் நான் எழுதியது அப்படியே இருந்தது. அது அழியாது, அழிக்க நான் முயலவும் இல்லை. அதற்கு மேலே உன் நாலு வரியின் தடம். உன் பென்சிலை எடுத்துப் பார்த்தால் முனை மொட்டை. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் சீவப் போய்ப் பாதிப் பென்சில் போய்விட்டது. அந்தப் பாதி எங்கே போனது என்று நீ இரண்டு நாள் கேட்டாயே, அதுதான்.

தாளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, தடத்தை விட்டு வெளியே போகாமல், 3x என்று மெதுவாக எழுதினேன். பக்கத்தில் 4x. அடுத்த வரி, அதற்கடுத்த வரி. நாலாவது வரியில் 18, 24 என்று முடித்து, தாளில் விழுந்திருந்த பென்சில் தூளை ஊதிவிட்டு, கொப்பிக்குள் இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன்.